வழித்தோன்றலும் மாணாக்கர் மரபும்: திருவையாற்றை முன்வைத்துக் குடும்ப வரலாற்றுச் சான்றுகள் குறித்த ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

குடும்ப வரலாறு குருதிவழி வந்தோரால் மட்டுமே காக்கப்படுகிறது என்னும் கருத்து பரவலாக உள்ளது. நேர் வழித்தோன்றல் அற்றுப்போன ஒரு குடும்பத்தின் செய்திகள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நிலைத்து நிற்பதைத் திருவையாற்றில் காண்கிறோம். தியாகராசரின் வாழ்க்கைச் செய்திகள் எவ்வெவ்வழிகளில் வந்தன என்பதை ஆராய்ந்து, அவ்வழிகள் ஒவ்வொன்றும் எவற்றைக் காத்தன, எவற்றை விட்டன என்பதை இக்கட்டுரை காட்டுகிறது. அதனடியாகக் காவிரிப் படுகையின் குடும்ப வரலாறுகளைத் தொகுப்பதற்குரிய சில நெறிகளையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: குடும்ப வரலாறு, வாய்மொழி மரபு, திருவையாறு, தியாகராசர், மாணாக்கர் மரபு, மோடி ஆவணம், பெண்வழி மரபு.

முன்னுரை

தமிழில் மகனின் மகனையும் மகளின் மகனையும் குறிக்கும் ‘பேரன்’ என்னும் சொல் ‘பெயரன்’ என்பதன் திரிபு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். ஒரு குடும்பம் தன் முன்னோரை நினைவில் வைத்திருக்கக் கண்ட மிக எளிய வழி இது. ஏடு வேண்டா, எழுத்தறிவும் வேண்டா. நாள்தோறும் அழைக்கும் அழைப்பிலேயே முன்னோர் வாழ்வர். எனினும் இவ்வழியில் காக்கப்படுவது பெயர் மட்டுமே. மூன்று தலைமுறை கடந்தபின் அப்பெயருக்குரியவர் யார், எவ்வூரினர், என்ன செய்து வாழ்ந்தார் என்பன மறைந்துபோகின்றன. பாட்டனும் பேரனும் ஒரே பெயரினராதலால் இருவர் செயல்களும் ஒருவர்மேல் ஏற்றிச் சொல்லப்படுதலும் உண்டு.

காவிரிப் படுகையின் ஊர்களில் இம்மறைவு இப்போது விரைந்து நிகழ்கிறது. பழைய ஓட்டு வீடுகள் இடிக்கப்படுகின்றன. பரணில் கிடந்த ஓலைச்சுவடிகளும் பத்திரக்கட்டுகளும் அவ்வீடுகளோடு போகின்றன. நிலத்தோடு பிணைந்து வாழ்ந்தோர் நகரங்களுக்குச் சென்றமையால் கதை கேட்பார் குறைந்தனர். ஆகவே குடும்ப வரலாற்றை எவ்வாறு தேடுவது, எதை நம்புவது, யாரிடம் கேட்பது என்னும் வினாக்கள் தமிழாய்வுக்குரிய முறையியல் வினாக்களாகின்றன. இவ்வினாக்களுக்கு விடை காண நன்கு அறியப்பட்ட ஒரு குடும்பத்தைச் சான்றாகக் கொள்வது பயன்தரும்.

தியாகராசர் குடும்பச் செய்திகள் வந்த வழிகள்

தியாகராசர் (1767–1847) திருவாரூரில் பிறந்து, திருவையாற்றில் வாழ்ந்து மறைந்தவர். தந்தை இராமபிரமம், தாய் சீதம்மா. மகள் சீதாலட்சுமி ஒருவரே. அம்மகளுக்குப் பிறந்த மகன் மக்கட்பேறின்றி மறைந்தமையால் தியாகராசரின் நேர்வழி அத்துடன் முடிந்தது. ‘தாத்தா சொன்னார்’ என்று சொல்வதற்கு அவ்வழியில் எவரும் இலர். அவ்வாறிருந்தும் அவர் வாழ்க்கை குறித்து இன்று நமக்குக் கிடைக்கும் செய்திகள் மிகப் பல. அவை வந்த வழிகளை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, அவருடைய சொந்த வாக்கு. ‘பிரகலாத பக்தி விசயம்’ என்னும் இசை நாடகத்தில் அவர் தம் குலப்பெயரையும் தந்தை பெயரையும் குறிப்பிடுகிறார். ‘காகர்ல’ என்பது அவர் குடும்பத்தின் வீட்டுப்பெயர். படுகையில் குடியேறிய தெலுங்குக் குடும்பங்கள் தாம் விட்டு வந்த ஊரின் பெயரை வீட்டுப்பெயராகத் தாங்கி வருவது வழக்கம். மொழியும் நிலமும் மாறிய பின்னரும் புறப்பட்ட இடத்தைப் பெயர் காத்துவருகிறது. வீட்டுப்பெயரைப் பெயர்ச்சி வரலாற்றின் முதற்சான்றாகக் கொள்ளலாம் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

இரண்டாவது, மாணாக்கர் மரபு. வாலாசாபேட்டை, தில்லைத்தானம், உமையாள்புரம் என ஊர்ப்பெயரால் வழங்கும் மூன்று கிளைகள் இவற்றுள் சிறந்தவை. அய்யம்பேட்டையிலும் பின்னர் வாலாசாபேட்டையிலும் வாழ்ந்த வேங்கடரமண பாகவதரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் ஆசிரியரின் பாடல்களோடு வாழ்க்கைக் குறிப்புகளையும் எழுதிவைத்தனர். அக்கையெழுத்துப் படிகள் மதுரைச் சௌராட்டிர சபையில் பேணப்படுகின்றன. தெலுங்கு பேசும் அந்தணர் ஒருவரின் வாழ்க்கை சௌராட்டிர மொழி பேசும் மாணாக்கர் குடும்பத்தாரால் காக்கப்பட்டது என்பது எண்ணத்தக்கது. இங்கு மொழியும் சாதியும் கடந்து செய்தி காத்தவர்கள் மாணாக்கர்களே.

மூன்றாவது, பக்கக்கிளை. தியாகராசரின் தமையனார் வழியினர் தஞ்சாவூரில் வாழ்ந்தனர். அவர் வழிபட்ட இராமர் திருமேனிகள் அக்கிளையினரிடம் வந்து சேர்ந்து வழிபடப்பெற்றன.

நான்காவது, வெளியார் குடும்பங்களின் நினைவு. உ.வே. சாமிநாதையரின் உறவினரும் அவர் தந்தையாருக்கு இசை கற்பித்தவருமான கனம் கிருஷ்ணையர், திருவையாற்றில் தியாகராசரைக் கண்ட செய்தி அக்குடும்பத்தின் வழி வந்தது. மாணாக்கர் மரபைச் சாராத இத்தகைய சான்று, பிற மரபுச் செய்திகளை ஒத்துநோக்குவதற்கு உதவும்.

ஆண்டும் முறைப்பெயரும்: இரண்டு சிக்கல்கள்

குடும்பக் குறிப்புகளில் ஆண்டு பெரும்பாலும் அறுபதாண்டு வட்டத்தின் பெயராலேயே குறிக்கப்படும். அப்பெயர் அறுபதாண்டுக்கு ஒருமுறை மீள்வதால் தலைமுறையை உறுதி செய்யாமல் ஆங்கில ஆண்டைக் கணிப்பது பிழைக்கு இடமாகும். அதே வட்டம் முரண்பட்ட கருத்துகளுக்கிடையே தீர்ப்பளிக்கவும் பயன்படும். தியாகராசர் பிறந்த ஆண்டு 1759 என்றும் 1767 என்றும் இருவகையாகச் சொல்லப்பட்டுள்ளது. மரபுக் குறிப்பு சர்வசித்து ஆண்டு, சித்திரை மாதம், திங்கட்கிழமை, பூச நாள் என்கிறது. வட்டத்தின் முதலாண்டாகிய பிரபவ 1747இல் தொடங்கியது. அதிலிருந்து எண்ணினால் 1759 பதின்மூன்றாவதாகிய பிரமாதி ஆகும். 1767 இருபத்தொன்றாவதாகிய சர்வசித்து ஆகும். 1767 மே 4 திங்கட்கிழமையே. எனவே மரபுக் குறிப்பைப் பிழையற்றதெனக் கொண்டால் 1767 என்பதே பொருந்துகிறது. ஒரு செய்தியில் ஆண்டு, கிழமை, நாண்மீன் எனப் பல கூறுகள் ஒருங்கே இருந்தால் அவை ஒன்றையொன்று சரிபார்க்கும். தனித்து நிற்கும் எண் அவ்வாறு சரிபார்க்க இடந்தராது. ஆகவே தகவலாளர் ‘எந்த ஆண்டு’ என்பதற்கு விடை அறியாவிடினும் கிழமை, திதி, திருவிழா, வெள்ளம், அறுவடை ஆகியவற்றுள் எது நினைவிலிருந்தாலும் அதனைப் பதிவு செய்தல் வேண்டும்.

இரண்டாவது சிக்கல் முறைப்பெயர் பற்றியது. தஞ்சை அவையோடு தொடர்புடைய கிரிராச கவி என்பவர் தியாகராசருக்குப் பாட்டனார் என்பது மரபு. அவர் தந்தையைப் பெற்றவரா, தாயைப் பெற்றவரா என்பதில் வரலாற்றாசிரியர்கள் வேறுபடுகின்றனர். இவ்வேறுபாட்டிற்கு மொழியே ஒரு காரணமாகலாம் எனக் கருத இடமுண்டு. தமிழில் ‘தாத்தா’ என்பதும் தெலுங்கில் ‘தாத்த’ என்பதும் இருவழிக்கும் பொதுவானவை. சொன்னவருக்கு ஐயமில்லை, கேட்டு எழுதியவருக்கே ஐயம் எழுகிறது. ‘பாட்டி’, ‘மாமா’, ‘அத்தை’ என்பனவும் இத்தகையனவே. உறவுமுறைத் திருமணம் வழங்கும் சமூகத்தில் ஒருவரே அத்தையாகவும் மாமியாராகவும் இருப்பார். ஆதலின் களஆய்வில் முறைப்பெயரைச் சொன்னவாறே எழுதி, அதன் அருகே ‘அப்பாவின் அம்மா’, ‘அம்மாவின் தம்பி’ என உறவைப் பிரித்தெழுதுதல் இன்றியமையாதது.

கதையும் பொருளும்

தியாகராசரைப் பற்றி வழங்கும் கதைகளுள் மக்கள் நினைவில் ஆழப் பதிந்தது தமையனாரைப் பற்றியது. அரசர் அளித்த பொருளைத் தம்பி மறுத்ததால் சினங்கொண்ட தமையனார், தம்பி வழிபட்ட இராமர் திருமேனியைக் காவிரியில் எறிந்தார் என்றும், தியாகராசர் அதைத் தேடி அலைந்து மீட்டார் என்றும் அக்கதை கூறும். தம்பியின் பெருமையை உணர்த்த அண்ணனின் சிறுமை இக்கதைக்குத் தேவைப்படுகிறது.

இங்கு ஆய்வாளர் நின்று நோக்க வேண்டிய இடமொன்று உண்டு. திருமேனியை எறிந்தவர் எனக் கதை சுட்டும் தமையனாரின் வழியினரே அத்திருமேனிகளைக் காத்து வந்துள்ளனர். கதை மாணாக்கர் வழியே வந்தது. பொருள் உறவினர் வழியே வந்தது. இதனால் கதை பொய் என்று முடிவு செய்துவிட இயலாது. தமையனாரின் வழக்கைக் கேட்பதற்கு நமக்குச் சான்றில்லை என்பதே இதிலிருந்து பெறத்தக்க முடிவு. ஒரே மனையில் வாழ்ந்த உடன்பிறந்தாரிடையே சொத்து, கடன், செலவு பற்றிய மனத்தாங்கல் இருந்திருக்கக்கூடும். குடும்பச் சண்டைகளின் வரலாறு ஒரு பக்கத்தாரிடமிருந்தே நமக்குக் கிடைக்கிறது. படுகையின் பாகப்பிரிவினைப் பத்திரங்களையும் வழக்குத் தீர்ப்புகளையும் படிப்போர், அவற்றின் மறுபக்கத்தாரின் வழியினரையும் தேடிக் காண வேண்டும் என்பதை இச்சான்று உணர்த்துகிறது.

தியாகராசர் வாழ்ந்த திருமஞ்சன வீதிப் பழைய வீடு இன்று இல்லை. அவ்விடத்தில் புதிய நினைவில்லம் எழுந்துள்ளது. அவருடைய அடக்கவிடமும் ஒரு காலத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்தது. நேரடி மாணாக்கர்களுள் எஞ்சியிருந்த உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் 1903இல் திருவையாறு வந்து அதனைச் சீர்செய்தனர். ஆசிரியர் மறைந்து 56 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்கள் வந்திராவிடின் இடத்தை நேரில் அறிந்து சுட்டக்கூடிய தலைமுறை கடந்திருக்கும். வாய்மொழிச் சான்றுக்குக் காலவரம்பு உண்டு என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

கல்லில் எழுதிய குடும்ப வரலாறு

தியாகராசர் திருவையாற்றில் வாழ்ந்த அதே காலத்தில், அங்கிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தஞ்சையில் மற்றொரு குடும்பம் தன் வரலாற்றை எழுதிக்கொண்டது. இரண்டாம் சரபோசி மன்னர் 1803இல் போன்சுலே வமிச வரலாற்றை மராத்தி மொழியில் பெரிய கோயிலில் கல்லில் பொறிக்கச் செய்தார். வழியற்றுப்போன பாடகரின் வாழ்க்கை மாணாக்கரின் தாளில் நின்றது. மன்னர் குடும்பம் கல்லையே நாடியது.

கல்லெழுத்து என்பதால் அது ஐயத்திற்கு அப்பாற்பட்டதாகிவிடாது. சரபோசி, துளசா மன்னரால் 1787இல் மகன்மை கொள்ளப்பட்டவர். அம்மகன்மை செல்லாதென விலக்கப்பட்டு அமர்சிங் அரசேறினார். 1798இலேயே சரபோசிக்கு அரியணை கிட்டியது. அடுத்த ஆண்டு 1799 உடன்படிக்கையால் நாட்டு ஆட்சி கிழக்கிந்தியக் கும்பினிக்குப் போயிற்று. தம் வழியுரிமையை மறுக்கக் கண்டவரும், ஆட்சியை இழந்தவருமான ஒருவர் தம் குலமரபைக் கல்லில் எழுதுவித்தார் என்பது அக்கல்லெழுத்தைப் படிக்கும்போது மறக்கத்தகாதது. உரிமை ஐயுறப்படும்போதும் பழைய நிலை நழுவும்போதும் குடும்பங்கள் தம் வரலாற்றை எழுத முற்படுகின்றன. ஆதலின் ஒவ்வொரு வமிசாவளியையும் நோக்கி ‘இது எப்போது, எந்தத் தேவைக்காக எழுதப்பட்டது’ என வினவுதல் வேண்டும். 1855இல் சிவாசி மன்னர் ஆண்மகவின்றி மறைய, அவ்வரசும் முடிவுற்றது.

அரசின் கல்லெழுத்தைக் காட்டிலும் எளிய குடும்பங்களுக்குப் பயன்படுவன மோடி எழுத்தில் அமைந்த அரண்மனைக் கணக்குகள். தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றின் ஒரு பகுதியைத் தமிழாக்கத்தோடு மூன்று தொகுதிகளாக வெளியிட்டுள்ளது. சம்பளம், வெகுமதி, துணி, நெல் ஆகியவை யாருக்கு எவ்வளவு தரப்பட்டன என்னும் குறிப்புகள் அவற்றில் உள்ளன. பெருமை பேசும் நோக்கில் எழுதப்படாதவை ஆதலால் இக்கணக்குகளின் நம்பகத்தன்மை மிகுதி. ஒரு குடும்பத்தில் ‘எங்கள் பாட்டனார் அரண்மனையில் வாசித்தவர்’ என்னும் கதை வழங்குமாயின், அதனை ஒத்துநோக்க இவ்வாவணங்களே முதலில் நாடத்தக்கவை.

பெண்வழி மரபு

இதுவரை சுட்டிய வமிசாவளிகள் தந்தையிலிருந்து மகனுக்குச் செல்வன. பெண்கள் அவற்றில் மகளாகவோ மனைவியாகவோ ஓரிடத்தில் தோன்றி மறைவர். ஆனால் திருவையாற்றின் பழைய சான்றுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. ஐயாறப்பர் கோயில் வளாகத்திலுள்ள வடகயிலாயம் முதலாம் இராசராசனின் தேவியான ஒலோகமாதேவியால் எடுக்கப்பட்டு அவர் பெயராலேயே ஒலோகமாதேவீச்சுரம் என வழங்கியது. கோயில் கல்வெட்டுகளில் கொடையாளராகப் பெண்கள் தம் பெயரோடு நிற்கின்றனர். குடும்ப ஏட்டில் விடுபட்ட பெண்ணைக் கோயிற் கல்லில் தேடலாம்.

தஞ்சை மராட்டியர் அவையில் வாழ்ந்த முத்துபழனி, ‘ராதிகா சாந்தவனமு’ என்னும் தெலுங்கு நூலின் முன்பகுதியில் தம் பாட்டி முதலிய பெண்களை முன்னிறுத்தித் தம் மரபைக் கூறுகிறார். பெண்வழிக் குடும்ப வரலாறு எழுத்தில் நின்றமைக்கு இது அரிய சான்று. அந்நூலை 1910இல் முழுமையாகப் பதிப்பித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952). அரசு அதற்கு விதித்த தடை 1947இல்தான் நீங்கியது. அவரே 1921 முதல் தம் செல்வத்தைச் செலவிட்டுத் திருவையாற்றில் தியாகராசர் அடக்கவிடத்தின் நிலத்தைப் பெற்றுக் கோயிலெடுத்தார். 1926இல் அங்குத் திருவுருவம் நிறுவப்பட்டது. அங்கு நிகழ்ந்த ஆண்டு வழிபாட்டில் பெண்கள் பாட இடமில்லாதிருந்த காலம் அது. அதனால் அவர் பெண்களைக் கொண்டு தனியே வழிபாடு நிகழ்த்தினார். பின்னர், 1940ஆம் ஆண்டளவில் பிரிந்திருந்த தரப்புகள் ஒன்றுசேர்ந்தன.

நாகரத்தினம்மாள் தியாகராசருக்கு உறவினரல்லர். நேர் மாணாக்கரும் அல்லர். தம் குலத்துப் பெண் ஒருவரின் நூலையும் தாம் போற்றிய ஆசிரியரின் அடக்கவிடத்தையும் ஒருவரே மீட்டிருக்கிறார். ‘முன்னோர்’ என்னும் சொல்லின் எல்லையை அவர் செயல் விரிக்கிறது. யாரை முன்னோராகக் கொள்வது என்பதைப் பிறப்போடு நன்றியுணர்வும் தீர்மானிக்கின்றது எனலாம்.

ஆவணமில்லாதோர்

நிலமுடையோரின் குடும்ப வரலாற்றுக்கு ஆவணம் உண்டு. 1858இல் தொடங்கிய இனாம் ஆணையத்தின் பதிவேடுகள், கிரயப் பத்திரங்கள், சிட்டா, அடங்கல் ஆகியவற்றில் அவர்கள் பெயர் தொடர்ந்து வரும். அந்நிலத்தில் உழைத்த பண்ணையாள்களின் பெயர் அவற்றில் இல்லை. 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டமும் வந்த பின்னரே உழைப்போரும் குத்தகையாளரும் அரசு ஏட்டில் நிலத்தோடு சேர்த்து எண்ணப்படலாயினர்.

இவர்களுள் பலர் ஊரைவிட்டு நீங்கியபோதுதான் முதன்முதலாக எழுத்தில் இடம்பெற்றனர் என்பது வரலாற்றின் முரண். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கப்பலேறிய சுமார் 1,52,000 இந்தியர்களின் பதிவேடுகளில் பெயர், தந்தை பெயர், அகவை, மாவட்டம், வட்டம், ஊர், உடற்குறி ஆகியவை எழுதப்பட்டுள்ளன. தென்னாப்பிரிக்கத் தமிழர் தம் முன்னோரின் ஊரைத் தேடி வருவதற்கு அப்பதிவேடுகளே ஆதாரம். ஊரிலேயே தங்கிவிட்ட உடன்பிறந்தாருக்கு அத்தகைய ஏடு இல்லை. அவர்களுக்கு நடவுப் பாட்டு, ஒப்பாரி, குலதெய்வக் கதை, வயல்களின் பெயர் ஆகியவையே ஏடு. ஒப்பாரியில் இறந்தவரின் பிறந்த ஊரும் புகுந்த ஊரும் உறவும் கூறப்படுதலால் அதனை வாய்மொழி வமிசாவளியாகவும் கொள்ளலாம். காவிரிப் படுகையின் குடும்ப வரலாற்றுத் தொகுப்பு பத்திரம் வைத்திருப்போரோடு நின்றுவிடுமாயின், அது நிலவுடைமையின் வரலாறாகவே முடியும்.

உ.வே.சா. காட்டிய நெறி

இத்துறையில் தமிழில் நமக்குள்ள சிறந்த முன்மாதிரி இப்படுகையிலேயே தோன்றியது. 1940 சனவரி முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, 1942இல் ஆசிரியர் மறைந்ததால் முற்றுப்பெறாது நின்ற ‘என் சரித்திரம்’ ஆசிரியரின் பிறப்பிலிருந்து தொடங்கவில்லை. உத்தமதானபுரம் என்னும் ஊர் தோன்றிய கதையிலிருந்து அது தொடங்குகிறது. ஏகாதசியன்று மறந்து தாம்பூலம் தரித்த தஞ்சை அரசர், அதற்குக் கழுவாயாக ஊரைத் தானமளித்தார் என்னும் செவிவழிச் செய்தியை அவர் தள்ளிவிடாமல், செவிவழிச் செய்தியாகவே தருகிறார். ஊர் முதலில், முன்னோர் அடுத்து, தாம் அதன் பின்னர் என்னும் இவ்வரிசை குடும்பத்தை நிலத்தினின்று பிரிக்காத நோக்கைக் காட்டுகிறது. 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்ட மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரத்தில், மாணாக்கராகத் தாம் நேரில் கண்டதோடு பிறரிடம் கேட்டறிந்தவற்றையும் அவர் திரட்டினார். ஓலைச்சுவடியைப் பல படிகளோடு ஒப்பிட்டுப் பதிப்பித்தவர், மனிதர் நினைவையும் அவ்வாறே ஒப்பிட்டார் எனலாம். பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் தரும் பதிப்பாசிரியரின் நேர்மை, ஒரே நிகழ்ச்சியை இருவர் இருவிதமாகச் சொல்லும்போது குடும்ப வரலாற்றாசிரியருக்கும் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு:

1. ஒரு குடும்பத்தின் செய்திகள் வழித்தோன்றல், மாணாக்கர், பக்கக்கிளை, வெளியார் என நால்வழியாக வரக்கூடும். ஒருவழி அற்றுப்போயினும் பிறவழிகளில் தேடுதல் வேண்டும்.

2. எழுதப்பட்டது கல்லிலாயினும் தாளிலாயினும், அது எழுந்த காலத்தையும் தேவையையும் முதலில் ஆராய வேண்டும். பெருமைக்காக எழுதப்படாத கணக்குகளுக்கு முன்னுரிமை தருதல் தகும்.

3. வாய்மொழிச் செய்தியைச் சொன்னவர் சொல்லிலேயே பதிவு செய்து, சொன்னவர், கேட்டவர், நாள், இடம் ஆகியவற்றையும் உடன் குறிக்க வேண்டும். முறைப்பெயர்களைப் பிரித்தெழுதுதலும், அறுபதாண்டு வட்டப் பெயரைப் பிற காலக் குறிப்புகளோடு சேர்த்துக் கணித்தலும் பிழையைக் குறைக்கும்.

4. ஒவ்வொரு தலைமுறையிலும் பெண்ணின் பெயர், பிறந்த ஊர், அவருடைய தாயின் பெயர் ஆகியவற்றைத் தவறாது கேட்டல் வேண்டும்.

5. ஆவணமில்லாக் குடும்பங்களின் பாட்டும் ஒப்பாரியும் குலதெய்வக் கதையும் ஆவணங்களுக்கு இணையாகத் தொகுக்கப்பட வேண்டும்.

திருவையாறு உள்ளிட்ட ஏழூர்களிலும் ஆண்டுதோறும் பல்லக்கு வலம் வருகிறது. அப்பல்லக்கைச் சுமப்போர், எதிர்கொள்வோர், உணவளிப்போர் ஆகிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கதை உண்டு. அவ்வூர்க் கல்லூரி மாணாக்கர்கள் ஒவ்வொருவரும் தம் வீட்டிலும் தமக்கு அயலான ஒரு வீட்டிலுமாக இரு குடும்பங்களின் செய்திகளைத் தொகுப்பதைப் பட்டப்படிப்பின் ஒரு பகுதியாக்கலாம். அயலார் வீட்டுக்குச் செல்லச் சொல்வதற்குக் காரணமுண்டு. வழியற்ற ஒருவரின் வாழ்க்கையைக் காத்தவர்கள் பெரும்பாலும் அவருக்கு அயலாரே என்பதைத் திருவையாறு நமக்குக் காட்டியிருக்கிறது. உமையாள்புரத்து முதியவர் இருவர் 1903இல் வந்ததுபோல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் எவரேனும் வருவர் எனக் காத்திருத்தல் இயலாது. நினைவுடையோர் இருக்கும்போதே நாம் சென்று கேட்டல் வேண்டும்.